பள்ளியில் முதல் மாணவி, கல்லூரியில் மூன்று அரியர்: ஏன்?

பன்னிரண்டாம் வகுப்பில் 600க்கு 571 வாங்கிய மகள், பொறியியல் கல்லூரியில் முதல் பருவத்திலேயே மூன்று தாள்களில் தேறவில்லை. பள்ளியில் வாங்கிய மதிப்பெண் பொய்யா, இல்லை விடுதிக்குப் போனதும் பெண் கெட்டுப்போய்விட்டாளா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை இரண்டு முறை படித்தேன். காரணம் கேட்பதுபோல் எழுதியிருந்தாலும் நீங்கள் எதிர்பார்ப்பது ஒரு தீர்ப்பு என்றே எனக்குப் படுகிறது. இந்தப் பெண்ணுக்குப் படிப்பு வருமா, வராதா? வரும் என்றுதான் நினைக்கிறேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ஏன் அப்படி நினைக்கிறேன், எதில் எனக்கு உறுதி, எதில் சந்தேகம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் 26 ஆண்டுகள் பொறியியல் கல்லூரிகளில் முதலாண்டுக் கணிதம் நடத்தியவன். முதலாண்டுக் கணித ஆசிரியர் சுங்கச்சாவடிக்காரர் மாதிரி. கணினியோ கட்டடமோ, எந்தத் துறைக்குப் போகிற வண்டியும் அவர் முன்னால் நின்றுதான் போகவேண்டும். அதனால் உங்கள் மகளைப் போன்றவர்களை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். அதே சமயம் ஒரு குறையும் உண்டு. தேறாமல் போய், பிறகு என் அறைக் கதவைத் தட்டியவர்களைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். தட்டாமலே படிப்பை விட்டுப் போனவர்களுக்கு என்ன நடந்தது என்பது என் அனுபவத்துக்குள் வராது. நான் சொல்வதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

571 பொய்யில்லை. ஆனால் அந்த 571ஐ உங்கள் மகள் தனியாக வாங்கவில்லை. ஸ்லிப் டெஸ்ட், வாரத் தேர்வு, காலாண்டு, அரையாண்டு, அதற்கு மேல் திருப்புதல் தேர்வுகள் என்று பள்ளி அவளை இடைவிடாமல் சோதித்துக்கொண்டே இருந்தது. எந்தப் பாடத்தை எந்த வாரம் படிப்பது என்பதைப் பள்ளி தீர்மானித்தது. எங்கே பிழை என்பதை மறுநாளே சிவப்பு மை காட்டியது. விடியற்காலையில் எழுப்பிவிட்டுக் காபி கொடுத்தது நீங்களாக இருக்கும். படிப்பது என்ற வேலையில் பாதியை, அதாவது திட்டமிடுவதையும் தன்னைத்தானே சோதித்துக்கொள்வதையும், மற்றவர்கள் செய்துகொடுத்தார்கள். மீதிப் பாதியை அவள் மிக நன்றாகச் செய்தாள். கல்லூரி அந்த முதல் பாதியைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுகிறது. எடுத்துவிட்டோம் என்று யாரும் சொல்வதும் இல்லை. முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வு வரப் பல வாரம் ஆகும். அதில் மதிப்பெண் குறைந்தாலும், ‘இன்டர்னல்தானே, செமஸ்டரில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று மூத்த மாணவர்கள் தேற்றிவிடுவார்கள். பருவத் தேர்வு முடிந்து முடிவு வெளியாகும்போது இரண்டாம் பருவம் ஓடிக்கொண்டிருக்கும். பள்ளியில் ஒரு நாளில் தெரிந்த பிழை, இங்கே தெரியவே நான்கைந்து மாதம் ஆகிறது.

ஒரு மாணவனைச் சொன்னால் விளங்கும். பழைய 1200 மதிப்பெண் காலம். பள்ளியில் கணிதத்தில் 200க்கு 199 வாங்கியவன். முதல் பருவக் கணிதத்தில் தேறாமல், நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தான். அப்படி ஒரு நோட்டு! தலைப்புக்கு ஒரு நிறம், சூத்திரத்துக்கு ஒரு நிறம், விடைக்குக் கட்டம். இரட்டைத் தொகையிடலில் (டபுள் இன்டக்ரேஷன்) தொகையிடும் வரிசையை மாற்றச் சொல்லும் கணக்கு ஒன்று, பல்கலைக்கழக வினாத்தாள்களில் திரும்பத் திரும்ப வருவது. கீழ் எல்லை பரவளையம் (பாரபோலா) என்ற வளைகோடு, மேல் எல்லை ஒரு நேர்கோடு, விடை எட்டில் மூன்று. அதை நோட்டைப் பார்க்காமல் கடகடவென்று போட்டுக் காட்டினான். பிறகு நான் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். பரவளையத்தை எடுத்துவிட்டு, ஆதிப்புள்ளி வழியாகப் போகும் சாதாரண நேர்கோட்டைக் கீழ் எல்லையாக வைத்தேன். கணக்கு முன்னதைவிட எளிது. பகுதி வெறும் முக்கோணம்தான். அவன் அதே வேகத்தில் எழுதினான். மூன்றாவது வரியில் ஒரு வர்க்கமூலம் வந்து உட்கார்ந்தது. கேள்வியில் பரவளையமே இல்லை, விடையில் மட்டும் அதன் வர்க்கமூலம். ‘இது எங்கிருந்து வந்தது?’ என்றேன். ஒரு கணம் தாளைப் பார்த்துவிட்டு, ‘அங்கே அது வரும், சார்’ என்றான்.

அந்தப் பதிலில் கிண்டலோ திமிரோ இல்லை. அவனுக்குக் கணக்கு என்பது எந்த இடத்தில் எது வரும் என்று தெரிந்துவைத்திருப்பது. பன்னிரண்டு ஆண்டுகள் அது பலித்தது. பகுதியைப் படமாக வரைந்து காட்டு என்றதும் பேனா நின்றுவிட்டது. அவன் முட்டாள் இல்லை. முட்டாளால் அத்தனை கணக்கை வரி வரியாக மனத்தில் வைத்திருக்க முடியாது. இங்கேதான் பெற்றோர்களுக்குப் பிடிபடாத ஒன்று இருக்கிறது. நினைவாற்றல் நன்றாக உள்ள பிள்ளைகளிடம்தான் இந்தப் பழக்கம் நெடுநாள் ஒட்டிக்கொண்டிருக்கும். சுமாரான நினைவாற்றல் உள்ள மாணவனை அது ஒன்பதாம் வகுப்பிலேயே கைவிட்டுவிடும். அவன் வேறு வழியில்லாமல் புரிந்துகொள்ள முயல்வான், நண்பனிடம் கேட்பான், திட்டு வாங்குவான், மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று கற்றுக்கொள்வான். முதல் மாணவிக்கு அந்தப் பயிற்சி கிடைப்பதே இல்லை. முதன்முதலாக ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டு விழிப்பது பதினெட்டாம் வயதில், வீட்டை விட்டுத் தொலைவில், அறையில் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது என்றால், அது அவளுக்குக் கணக்கின் கடினமாகத் தோன்றாது. தன் குறையாகத்தான் தோன்றும்.

இது என் அறைக்குள் மட்டும் கண்ட விஷயமில்லை. 2006இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் செய்த சோதனைகள் பெயர்பெற்றவை. ஒரு சாரார் ஓர் உரைப்பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு சாரார் படித்துவிட்டு, மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாகிவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் திரும்பப் படித்தவர்கள்தான். தேர்வுக்கு முந்தைய இரவு ‘எல்லாம் படித்துவிட்டேன்’ என்று தொலைபேசியில் சொன்ன உங்கள் மகள் பொய் சொல்லியிருக்க மாட்டாள். அவளுக்கு உண்மையாகவே அப்படித்தான் தோன்றியிருக்கும்.

மாநிலப் பாடத்திட்டத்தில் படித்ததால் வந்த வினை என்று யாராவது சொன்னால் முழுதாக நம்பாதீர்கள். நாட்டிலேயே கடினமான நுழைவுத்தேர்வைத் தாண்டி வந்தவர்களில் எழுபதுக்கும் மேற்பட்ட முதலாண்டு மாணவர்களை, மதிப்பெண் போதவில்லை என்று ரூர்க்கி ஐ.ஐ.டி. 2015இல் வெளியேற்றியது. பிறகு இன்னொரு வாய்ப்புக் கொடுத்துத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். நுழைவுத்தேர்வுக்கு இரண்டு மூன்று ஆண்டு பயிற்சி மையத்தின் கால அட்டவணையில் ஓடிய பிள்ளைகளுக்கும் இதே பள்ளம் காத்திருக்கிறது. நம் பக்கத்துக்கே உரிய ஒரு குறையும் உண்டு. பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு, இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே அரைப்பது பல தனியார் பள்ளிகளில் வழக்கமாக இருந்தது. அதைத் தடுக்கவே 2017-18இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள் (2025-26இல் அதைக் கைவிட்டும் விட்டார்கள்). ஆனால் பொறியியல் தரவரிசை பன்னிரண்டாம் வகுப்பின் கணிதம், இயற்பியல், வேதியியலை மட்டும் கொண்டு 200க்குக் கணக்கிடப்படுவது. மற்றதை எவன் மதிப்பான்? முக்கோணவியலின் அடிப்படை, எல்லை என்ற கருத்து, வகையிடலின் தொடக்கம் எல்லாம் பதினொன்றில்தான் இருக்கின்றன. அதில் ஓட்டை விழுந்தால் கல்லூரியில் முதல் மாதமே ஒழுகத் தொடங்கும். போதாக்குறைக்கு, மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதிய பிள்ளை கலந்தாய்வெல்லாம் முடிந்து வகுப்பில் உட்கார ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிவிடுகிறது. ஐந்து மாதம் பேனா தொடாமல் இருந்துவிட்டு, சுருங்கிப்போன முதல் பருவத்தின் ஓட்டத்தில் சேர்ந்துகொள்ள வேண்டும்.

உங்கள் மகள் எந்த வழியில் படித்தாள் என்று நீங்கள் எழுதவில்லை. தமிழ் வழி என்றால் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ‘டிடெர்மினன்ட்’ என்று நான் சொன்னபோது பின்வரிசையில் ஒரு பெண் திகைத்துப்போய் எழுதுவதை நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன். கரும்பலகையில் ‘அணிக்கோவை’ என்று எழுதியதும் முகம் மலர்ந்துவிட்டது. அது அவளுக்கு நன்றாகவே தெரிந்த பொருள். தெரிந்ததைத் தெரியாததென்று நினைத்துக்கொண்டு இரண்டு வாரம் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அன்றிலிருந்து தொகையிடல், வகைக்கெழு, பரவளையம் என்று எல்லாச் சொல்லையும் இரு மொழியிலும் எழுதுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஐந்து நொடி வேலை. இந்தத் தடை பெரும்பாலும் ஓராண்டுக்குள் விலகிவிடுகிறது என்பது நான் கண்டது. ஆனால் அந்த ஓராண்டிலேயே நான்கு அரியர் சேர்ந்துவிடுவதுதான் சிக்கல்.

எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. 1970களின் இறுதியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆய்வு மாணவருக்கு ஏறக்குறைய உங்கள் கேள்வியே எழுந்தது. பள்ளியில் சிறந்து விளங்கிய கறுப்பின மாணவர்கள் முதலாண்டு நுண்கணிதத்தில் ஏன் விழுகிறார்கள்? ஆசிரியர்களைக் கேட்டார். ஆர்வமில்லை, அடிப்படை இல்லை, வீட்டில் அக்கறை இல்லை, வறுமை என்று பதில் வந்தது. நம் ஊர் ஆசிரியர் அறையிலும் இதே நான்கு பதில்தான் வரும். ட்ரைஸ்மன் அதை நம்பாமல், கறுப்பின மாணவர்கள் இருபது பேரையும் சீன வம்சாவளி மாணவர்கள் இருபது பேரையும் அவர்கள் படிக்கும் இடத்துக்கே போய்க் கவனித்தார். நான்கு காரணமும் பொருந்தவில்லை. பெற்றோருக்கு அக்கறை நிறையவே இருந்தது. கண்ணில் பட்ட வேறுபாடு ஒன்றுதான். விழுந்தவர்களில் பெரும்பாலோர் தனியாகவே படித்தார்கள். பேராசிரியர் வாரத்துக்கு எட்டு மணி நேரம் படி என்றால் அந்த எட்டு மணி நேரத்தையும் ஒழுங்காகக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தார்கள். பள்ளியில் வென்றதே அந்தத் தனிமைக் கட்டுப்பாட்டால்தான். சீன மாணவர்கள் தனியாகப் படித்துவிட்டு, பிறகு கூடி உட்கார்ந்து ஒருவர் விடையை ஒருவர் சரிபார்த்தார்கள். ஒரு கணக்கு யாருக்குமே வரவில்லை என்றால் அது கணக்கின் கடினம் என்று அவர்களுக்குத் தெரிந்தது. தனியாக இருந்தவர்களுக்கு அது தங்கள் குறையாகவே தெரிந்தது. அதன் பிறகு ட்ரைஸ்மன் செய்ததுதான் அழகு. பின்தங்கியோருக்கான சிறப்பு வகுப்பு வைக்காமல், வகுப்பில் கொடுப்பதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்துச் சேர்ந்து போடவைத்தார். தேர்ச்சி வெகுவாக உயர்ந்தது.

நம் கல்லூரிகள் செய்வது என்ன? அங்கீகாரக் கோப்புகளுக்காக ‘ஸ்லோ லேர்னர்ஸ்’ என்று ஒரு பட்டியல் தயாரிக்கிறோம். 571 வாங்கிய பெண்ணின் பெயர் அதில் ஏறும். மாலை நான்கு மணிக்கு மேல் உட்காரவைத்து, அதே பழைய வினாத்தாளின் அதே பதினாறு மார்க் கணக்கை இன்னும் மெதுவாகப் போட்டுக்காட்டுவோம். எந்தப் பழக்கம் கவிழ்த்ததோ அதையே இன்னொரு கரண்டி ஊட்டுகிறோம். நானும் பத்தாண்டுக்கு மேல் அதைத்தான் செய்தேன், தப்பித்துக்கொள்ளச் சொல்லவில்லை. அறுபது பேர் வகுப்பில் பாடத்தை முடிக்கவேண்டும் என்ற அவசரத்தில் குறிப்புகளை ஒப்பிக்கும் ஆசிரியர்களும் உண்டு. உங்கள் மகளின் மூன்று தாளில் ஒன்றாவது எங்கள் கணக்கில் எழுதவேண்டியதாக இருக்கலாம்.

இனி எனக்கு உறுதியில்லாதவை. கைபேசிதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். கைபேசியில் மூழ்கித் தோற்றவர்களையும் பார்த்திருக்கிறேன், தோற்ற பிறகு வெட்கத்தில் கைபேசிக்குள் போய் ஒளிந்துகொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றாகவே இருக்கும். முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வுக்கு முன்பே அப்படியா, பின்பா என்று கேட்டுப் பார்த்தால் ஓரளவு தெரியும். பிடிக்காத துறையில் சேர்த்துவிட்டோமோ என்ற கவலைக்கும் என்னிடம் முடிவான பதில் இல்லை. முதல் பருவத்தில் துறைப் பாடம் என்று பெரிதாக எதுவும் இராது என்பதால், இந்தத் தோல்விக்கு அதைக் காரணமாக்க எனக்குத் தயக்கம். மனப்பான்மையை மாற்றினால் மதிப்பெண் மாறும் என்று கல்லூரிகளில் நடத்தப்படும் ஊக்க உரைகள் மீது எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அந்தத் துறை ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்களும் பலன் சிறிதே என்கிறார்கள்.

இன்னொன்று என் துறைக்கு வெளியே. இரவு தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை, முன்பு பிடித்ததெல்லாம் பிடிக்கவில்லை, யாரிடமும் பேசுவதில்லை என்ற நிலை சில வாரமாக இருந்தால் அது படிப்புப் பிரச்சினை என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள். கணக்கு வாத்தியாரின் யோசனை அதற்கு உதவாது. மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மனஸ் என்ற மனநல உதவி எண் 14416 எந்நேரமும் கிடைக்கும், தமிழிலும் பேசலாம்.

அப்படி எதுவும் இல்லை என்றால் செய்யவேண்டியது இதுதான். தேறாத தாள்களின் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். மறுமதிப்பீட்டில் தேறிவிடலாம் என்ற ஆசைக்காக இல்லை. நகலை வைத்துக்கொண்டு, இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் காரணத்தை அவளே எழுதவேண்டும். பாடமே படிக்கவில்லையா, படித்தும் தொடங்கத் தெரியவில்லையா, கணக்கிடுவதில் பிழையா, நேரம் போதவில்லையா. என்னிடம் வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ‘நேரம் போதவில்லை’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். தாளைப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டாவதுதான் இருக்கும். தொடங்கத் தெரியாமல் அரைமணி போயிருக்கும். பிறகு தினமும் ஒரு மணி நேரம் நோட்டை மூடிவைத்து, வெள்ளைத்தாளில், எண்களை மாற்றி ஒரு கணக்கு. மாட்டிக்கொண்டால் இருபது நிமிடமாவது மாட்டிக்கொண்டே இருக்கவேண்டும், உடனே விடையைப் பார்க்கக் கூடாது. வாரம் ஒரு நாள் இரண்டு மூன்று தோழிகளோடு உட்கார்ந்து விடைகளை ஒப்பிடவேண்டும். 199 வாங்கிய பையன் இப்படித்தான் மீண்டான். உடனே இல்லை. அடுத்த தேர்விலும் 46 வாங்கித் தேறவில்லை. அதற்கு அடுத்ததில்தான் தேறினான்.

இரண்டாம் பருவத் தாள்களோடு இந்த மூன்றும் சேர்ந்தால் சுமை அதிகம்தான். மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கவேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள்; நடப்புப் பருவம் கோட்டைவிட்டுப்போனால் அரியர் ஒன்பதாகும். வளாக வேலைவாய்ப்பைப் பற்றிய உங்கள் பயத்துக்கு: பெரும்பாலான நிறுவனங்கள் கேட்பது நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது என்பதையே. முன்பு ஒருபோதும் இருந்திருக்கக் கூடாது என்று சொல்பவையும் உண்டு, அந்தக் கதவு மூடியிருக்கலாம்.

அம்மா, இன்று இரவு அவளிடம் பேசும்போது ஏன் தேறவில்லை என்று கேட்காதீர்கள். அவளுக்கே அது தெரியாது. கணிதத் தாளில் முதலில் எந்தக் கேள்வியை எடுத்தாய், எந்த வரியில் நின்றாய் என்று கேளுங்கள். உங்களுக்குக் கணக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அவள் சொல்லட்டும். நகலுக்கு விண்ணப்பிக்க, முடிவு வெளியானதிலிருந்து சில நாட்கள்தான் கொடுப்பார்கள். கடைசி நாள் என்றைக்கு என்று அப்படியே அவளைப் பார்க்கச் சொல்லிவிடுங்கள்.